காப்பர் டி: பொறுத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. 2 வயதில் ஒரு மகன் இருக்கிறான். சிசேரியன், வலி வருவதற்கு முன்பே நாள் குறித்துச் செய்தது. நாலு மாதத்துக்கு முன்பு, கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கிற காப்பர் டி போட்டுக்கொண்டேன். "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றார்கள். எனக்கோ கண் இருட்டி, உடம்பெல்லாம் வியர்த்து, வாந்தி வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ், "பிள்ளை பெற்றவள் இதற்குப் போய் இப்படியா" என்றார். முன்பெல்லாம் பீரியட்ஸ் 4, 5 நாளில் முடிந்துவிடும். இப்போது 8, 9 நாள் போகிறது, முதல் இரண்டு நாள் வேலைக்கே போக முடியவில்லை. எடுத்துவிடுங்கள் என்று கேட்டதற்கு, "ஆறு மாதம் பொறுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கணவரும் "பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்கிறார். கருத்தடை மாத்திரையைத் தினமும் ஞாபகம் வைத்துச் சாப்பிட என்னால் முடிந்ததே இல்லை. ஹார்மோன் லூப் நல்லது என்று தோழி சொல்கிறாள், ஆனால் மறுபடியும் அந்த மேஜையில் ஏறிப் படுப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இவ்வளவு கஷ்டத்துக்கு இது தகுமா? எடுக்கும்போதும் அதே மாதிரி வலிக்குமா?

பதில்:

முதலில் அந்த நர்ஸ் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். நாலு மாதம் கழித்தும் அந்த வரியை அப்படியே எழுதியிருக்கிறீர்கள் என்றால், அது உங்களுக்குள் தங்கிவிட்டது என்று அர்த்தம். அவர் சொன்னது தவறு, மருத்துவரீதியாகவே தவறு. கருப்பையின் வாய் என்பது இறுகலான ஒரு குறுகிய வழி. பிரசவ வலி வந்து, அது மெல்ல மெல்லத் திறந்து, குழந்தை அந்த வழியாக வெளியே வந்த பெண்ணுக்கு லூப், அதாவது காப்பர் டி மாதிரியான சாதனம், போடும்போது பொதுவாக வலி குறைவாக இருக்கும். உங்களுக்கு வலி வருவதற்கு முன்பே ஆபரேஷன் நடந்துவிட்டது. அந்த வாய் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் உடம்பும் பிள்ளையே பெறாத பெண்ணின் உடம்பும் ஒன்றுதான். கண் இருட்டியதும் வியர்த்ததும் வாந்தி வந்ததும் பயந்த சுபாவத்தால் வந்ததில்லை. கருப்பை வாயைச் சீண்டும்போது ஒரு நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும், சிலருக்கு அது பலமாக நடக்கும். நீங்கள் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் அதை மனசால் நிறுத்தியிருக்க முடியாது.

அந்த "எறும்புக் கடி" வார்த்தையை நானும் ஆரம்ப வருடங்களில் சொல்லியிருக்கிறேன். பயப்படாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் அந்த நல்ல எண்ணம் என்ன செய்கிறது பாருங்கள்: வலி வந்ததும் அந்தப் பெண், "எல்லோருக்கும் எறும்புக் கடிதானே, எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறாள். லூப் போட்ட உடனே பெண்ணிடமும் டாக்டரிடமும் தனித்தனியாக "எவ்வளவு வலித்தது" என்று மதிப்பெண் போடச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், டாக்டர் போடும் மதிப்பெண் குறைவாகத்தான் இருந்திருக்கிறது. அதனால் அந்த அஞ்சு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கிற ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்ததும் ஒரு அழுத்தம் தெரியும். அப்புறம் கருப்பை ஆடாமல் இருப்பதற்காக அதன் வாயை ஒரு கிடுக்கியால் பிடிப்பார்கள், நறுக்கென்று கிள்ளியது போல இருக்கும். அடுத்து ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஆழம் அளப்பார்கள், பெரும்பாலும் 6 முதல் 9 சென்டிமீட்டர் இருக்கும். அந்தக் கம்பி உள்வாயைத் தாண்டும்போதும், அதற்குப் பிறகு லூப் வைத்த குழாய் அதே இடத்தைத் தாண்டும்போதும்தான் பலருக்கு உச்சகட்ட வலி, அடிவயிற்றை யாரோ உள்ளிருந்து முறுக்குவது போல. கடைசியில் நூலை வெட்டுவது தெரியக்கூடத் தெரியாது. "அவ்வளவுதானா, முடிஞ்சுதா?" என்று எழுந்து உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், என் கையைப் பிடித்து நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். இருவர் சொல்வதும் உண்மைதான்.

சரி, அந்த வலி நடந்து முடிந்துவிட்டது. இப்போது முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "இவ்வளவு அனுபவித்துப் போட்டுக்கொண்டதை வீணாக்குவதா" என்று நினைத்தே வருடக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பட்ட வலி பட்டதுதான், எடுத்தாலும் வைத்திருந்தாலும் அது மாறப்போவதில்லை. இனிமேல் வரப்போகிற மாதங்கள் எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் கேள்வி.

அதற்கு முதலில் கையில் இருக்கும் பொருள் என்ன என்று தெரிய வேண்டும். என் மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பேன், கேட்க வருகிறவர்களின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். வளைந்து கொடுக்கிற வெள்ளை பிளாஸ்டிக்கில் டி எழுத்து, அகலம் 3.2 சென்டிமீட்டர், நீளம் 3.6. தண்டில் தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும், இரண்டு கைகளிலும் சின்னச் சின்னச் செம்புக் குழல்கள். அடியில் இரண்டு நூல். பெயருக்குப் பக்கத்தில் 380 என்று போட்டிருப்பார்கள், செம்பின் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர் என்பதுதான் அது. இந்தச் செம்பிலிருந்து மிகக் கொஞ்சமாகக் கசிகிற அயனிகள் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன, அதனால் கருமுட்டையைச் சந்திப்பதே நடக்காமல் போகிறது. ஹார்மோன் கிடையாது, தினமும் ஞாபகம் வைக்க வேண்டியதும் கிடையாது. போட்டுக்கொண்ட 100 பேரில் முதல் வருடத்தில் கருத்தரிப்பது ஒருவருக்கும் குறைவு. மாத்திரையில், நடைமுறையில் எல்லோரும் சாப்பிடுகிற மாதிரி, நடுநடுவே மறந்து மறந்து சாப்பிட்டால், அது சுமார் 7 பேர். ஆணுறையில் சுமார் 13 பேர். 380 வகை 10 வருடம் வேலை செய்யும். நடுவில் எப்போது எடுத்தாலும் கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பிவிடும்.

மாத்திரையை மறந்துவிடுகிற ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. அதே சமயம் இதன் எடை எல்லோருக்கும் ஒன்றாகவும் இருக்காது. அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: அடுத்த மாதம் கரு தங்கிவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும்? "ஐயோ, தாங்கவே முடியாது" என்று சொல்கிறவருக்கும், "எதிர்பார்க்கவில்லைதான், ஆனால் பரவாயில்லை, சமாளித்துக்கொள்வோம்" என்று சொல்கிறவருக்கும் ஒரே உதிரப்போக்கு வேறு வேறு கணக்கில் வரும். முதலாமவர் கொஞ்சம் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது, இரண்டாமவருக்கு அதற்கு அவசியமே இல்லை. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று கடிதத்தில் எழுதவில்லை. எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இனி அந்த 8, 9 நாள் விஷயம். காப்பர் டி போட்டால் மாதவிடாய் உதிரம் கூடும், இது எதிர்பார்க்கிற ஒன்றுதான். போவதில் பாதி அளவுகூட மேற்கொண்டு சேர்ந்துகொள்ளலாம். கருப்பையின் உள்சுவர் அந்தப் பொருளைக் கண்டு லேசாக வீங்கி, வலியையும் உதிரத்தையும் கூட்டுகிற வேதிப்பொருட்களை அதிகமாகச் சுரக்கிறது. உடம்புக்குப் பழகப் பழக 3 முதல் 6 மாதத்துக்குள் பலருக்கு இது குறைகிறது. ஆகவே "ஆறு மாதம் பொறுங்கள்" என்று உங்கள் டாக்டர் சொன்னது பாதி உண்மை. பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், குறைகிற எல்லோருக்கும் பழைய 4, 5 நாள் திரும்பி வராது, சிலருக்குக் குறையவே குறையாது. இன்னொன்று, பொறுங்கள் என்று சொல்வதற்கு முன்னால் பார்த்தாக வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

லூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். கொஞ்சம் கீழே இறங்கியிருந்தாலோ, ஒரு கை சுவரில் பதிந்திருந்தாலோ அந்த வலி ஆறு மாதம் ஆனாலும் போகாது, அதற்கு மருந்து லூப்பை எடுப்பதுதான். முதல் வருடத்தில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு லூப் தானாகவே நழுவி வெளியே வருவதுண்டு, அதுவும் அதிகம் முதல் மூன்று மாதத்தில், பல சமயம் பாதி நழுவி அங்கேயே நிற்கும். நூல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உதிரப்போக்கு வழக்கத்துக்கு மாறாக இருப்பதால் கர்ப்பப் பரிசோதனையும் ஒன்று செய்துவிடலாம், ஒரு நிமிட வேலை. அப்புறம் ரத்தப் பரிசோதனை, ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் சேர்த்து. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது 12-க்கு மேலேயே இருந்தாலும் ஃபெரிட்டின் இறங்கியிருந்தால், சேமித்து வைத்த இரும்புச்சத்து கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, காலையில் எழும்போதே களைப்பு, எல்லாவற்றையும் "வேலை அதிகம், குழந்தை தூங்க விடுவதில்லை" என்று நாம் தள்ளிப்போடுவோம். கொஞ்ச நாள் முன்பு ஒரு பெண் வந்தார். லூப் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது, "கொஞ்சம் அதிகமாகப் போகிறது, மற்றபடி ஒன்றுமில்லை" என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. அவர் "கொஞ்சம்" என்று சொன்ன அளவு, ராத்திரி இரண்டு முறை எழுந்து நாப்கின் மாற்றுகிற அளவு. யாரும் எண்ணிச் சொல்லும்படி அவரிடம் கேட்டதில்லை.

அதனால் எண்ணுங்கள். காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை நாப்கின் நனைந்தது என்று ஒரு எண், வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண், எந்த வேலை நின்றுபோனது என்று ஒரு வார்த்தை, அது போதும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, அப்படியே சில மணி நேரம் தொடர்ந்தால் அது அதிகம். பெரிய நாணயத்தை விடப் பெரிதான கட்டிகள் விழுந்தால் அதிகம். 8 நாளைத் தாண்டினால் அதிகம். உங்கள் கணக்கில் அந்தக் கடைசி விஷயம் ஏற்கெனவே வந்துவிட்டது.

மருந்து இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. ஐபுபுரூஃபென், மெஃபனமிக் அமிலம், நாப்ராக்சென் போன்ற மாத்திரைகள் வலியோடு உதிரப்போக்கையும் குறைக்கும், ஏனென்றால் முன்னால் சொன்ன அந்த வேதிப்பொருட்களை உடம்பு தயாரிப்பதையே இவை மட்டுப்படுத்துகின்றன. வலி உச்சத்துக்குப் போன பிறகு ஒன்று போட்டுக்கொள்வதில் பெரிய பயன் இருக்காது. பீரியட்ஸ் தொடங்கிய முதல் நாளே ஆரம்பித்து, டாக்டர் சொல்கிற அளவில் அஞ்சு நாள் வரை, சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இந்த வகை மாத்திரை ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா இருந்தால் கூடாது. உதிரம் மட்டும் அதிகம் என்றால் டிரானெக்சாமிக் அமிலம் தருவோம். ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அதுவும் கூடாது. இரண்டுமே டாக்டரிடம் கேட்டு எடுக்க வேண்டியவை.

இவ்வளவையும் பார்த்து, ஸ்கேன் சரி, ரத்தம் சரி, மருந்தும் கையில் இருக்கிறது என்றால், அதற்குப் பிறகு பொறுப்பதில் ஒரு பொருள் இருக்கிறது. அதுவும் தேதி குறித்துப் பொறுங்கள். இன்னும் இரண்டு பீரியட்ஸ், அதோடு ஆறு மாதம் ஆகிவிடும். நாப்கின் எண்ணிக்கை இறங்குகிறதா என்று உங்கள் காலண்டரே சொல்லும். இறங்கவில்லை என்றால் மூன்றாவதுக்குக் காத்திருக்காதீர்கள்.

இந்த இரண்டு மாதமும் எனக்கு வேண்டாம், நாளைக்கே எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தால்? எடுத்துவிடலாம். காரணம் சொல்லி யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் நல்ல மனசோடு செய்யப்படுகிற ஒரு தவறு இது. இரண்டாம் மாதம் எடுத்துவிட்டு, வேறு எதையும் பயன்படுத்தாமல் இருந்து, அஞ்சாம் மாதம் வேண்டாத கர்ப்பத்தோடு திரும்பி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கள்" என்று டாக்டர்களுக்குத் தானாகவே வாயில் வந்துவிடுகிறது. அதை எடுத்துச் சொல்வது எங்கள் கடமை. சொன்ன பிறகும் ஒரு பெண் எடுங்கள் என்றால், எடுப்பதும் எங்கள் கடமைதான். அடுத்த முறை போகும்போது, "ஆலோசனை கேட்க வரவில்லை, எடுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்" என்று முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். மறுபடியும் திருப்பி அனுப்பினால் வேறு டாக்டரைப் பாருங்கள். வீட்டில் நீங்களே நூலைப் பிடித்து இழுக்க மட்டும் வேண்டாம்.

தேதி குறித்துக் காத்திருப்பது பற்றி இவ்வளவு சொன்னேன், ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றமடிக்கிற வெள்ளை, நூல் திடீரென்று தட்டுப்படாமல் போவது அல்லது முன்பைவிட நீளமாகத் தெரிவது, விரலில் கெட்டியாக ஏதோ நுனி தட்டுப்படுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். நாள் தள்ளிப்போய் ஒரு பக்க வயிற்றில் வலியும் தலைச்சுற்றலும் வந்தால், ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். லூப் இருக்கும்போது கரு தங்குவதே அபூர்வம்தான், ஆனால் தங்கினால் அது கருக்குழாயில் தங்குகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

லூப் நெஞ்சுக்கு ஏறிவிடும், புற்றுநோய் வரும், பிறகு குழந்தையே தங்காது என்றெல்லாம் சொல்வார்கள். மூன்றும் உண்மையில்லை. போடும்போது கருப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது சுமார் 1000 பேரில் ஒருவருக்கு நடக்கிறது, பால் கொடுக்கும் காலத்தில் அந்த வாய்ப்பு கூடும். தொற்று அபாயம் போட்ட முதல் மூன்று வாரத்தில்தான், அதற்குப் பிறகு மற்ற பெண்களுக்கு இருக்கிற அளவுதான். பழைய பயத்துக்கு ஒரு நிஜக் காரணமும் இருந்தது. 1971-இல் அமெரிக்காவில் டால்கன் ஷீல்டு என்ற ஒரு சாதனம் விற்பனைக்கு வந்தது, அதன் நூல் பல இழைகளை உறைக்குள் வைத்துச் செய்தது, அந்த இழைகளின் இடுக்கு வழியே கிருமிகள் கருப்பைக்குள் ஏறிப் பல பெண்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். 1974-இல் அங்கே விற்பனை நின்றது. இன்றைய லூப்களின் நூல் ஒற்றை இழை. அந்தக் கதைகள் மட்டும் பாட்டி காலத்திலிருந்து நம் காதுவரை வந்துகொண்டிருக்கின்றன.

இப்போது உங்கள் தோழி சொன்ன ஹார்மோன் லூப். அதுவும் அதே டி உருவம்தான், செம்புக்குப் பதிலாகத் தண்டில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உறை இருக்கும். நாங்கள் அதிகம் போடுகிற பெரிய வகையில் 52 மில்லிகிராம், ஆரம்பத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 20 மைக்ரோகிராம்தான் வெளிவரும். வாய்வழி மாத்திரைபோல உடம்பு முழுக்கப் பெரிய அளவில் பரவாமல் பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்கிறது. கருப்பை வாயின் திரவத்தைக் கெட்டியாக்கி விந்தணுவைத் தடுக்கிறது, உள்சுவரை மெல்லியதாக்குகிறது. சுவர் மெலிந்தால் உதிர்வதற்கு அதிகம் இருக்காது, அதனால் உதிரப்போக்கு குறைகிறது, அதிக உதிரப்போக்குக்கே மருந்தாக இதைப் போடுகிறோம். ஒரு வருடம் ஆகும்போது அஞ்சில் ஒருவருக்கு பீரியட்ஸே வராமல் நின்றிருக்கும். அதைக் கேட்டதும் பலர் பயந்துபோய், "அப்போ அந்த ரத்தமெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்பார்கள். எங்கேயும் தங்குவதில்லை, உருவாகவே இல்லை, அவ்வளவுதான்.

நல்லதை மட்டும் சொல்லி உங்களை இன்னொரு முறை ஏமாற்ற மாட்டேன். முதல் 3 முதல் 6 மாதம் ஒழுங்கில்லாமல் சொட்டுச் சொட்டாகப் படும், எந்த நாள் என்று சொல்ல முடியாது, அளவு குறைவு என்றாலும் எரிச்சலாக இருக்கும். சிலருக்கு முகப்பரு, தலைவலி, மார்பில் வலி, மனசு சோர்ந்துபோவது. சினைப்பையில் நீர்க்கட்டி வரலாம், பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே சிகிச்சை எடுப்பவராக இருந்தால் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், முதல் மாதங்களில் வீட்டில் ஒருவர் உங்களைக் கவனிக்கட்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது கூடாது.

நீங்கள் எழுதியதை வைத்து, பரிசோதிக்காமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்கிறேன்: இரண்டு மாதம் கழித்தும் இப்படியே இருந்தால், அல்லது இப்போதே ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து இறங்கியிருந்தால், செம்பு உங்களுக்கு ஒத்துவராது. மாத்திரை மறந்துபோகிற, இன்னும் பல வருடம் பாதுகாப்பு வேண்டுகிற, அதிகம் உதிரம் போகிற பெண்ணுக்கு ஹார்மோன் லூப் நன்றாகப் பொருந்தும். லூப்பே வேண்டாம் என்றால் கையின் தோலுக்கு அடியில் வைக்கிற குச்சி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, இரண்டிலும் முக்கியத் தொல்லை ஒழுங்கில்லாத உதிரப்போக்குதான்.

உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன், கர்ப்ப பயம் இல்லாத நிம்மதி அவருக்கும் பெரிய விஷயம்தான். ஆனால் அந்த நிம்மதி இரண்டு பேருக்கு, மாதம் 9 நாள் ஒருவருக்கு மட்டும். அந்தக் காலண்டரை அவரிடம் காட்டுங்கள். லூப்பை எடுத்துவிட்டு அடுத்ததை முடிவு செய்கிற வரை ஆணுறையை ஒருமுறைகூட விடாமல் பயன்படுத்துவது அவர் பொறுப்பு. இனிக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் உறுதியாக இருந்தால், ஆண்களுக்கான வாசெக்டமி சின்ன ஆபரேஷன், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்துவிடுவார்கள், பெண்களுக்குச் செய்வதைவிட எளிது. சுமார் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதியான பிறகுதான் அதை நம்பலாம்.

மறுபடியும் மேஜையில் ஏறும் பயத்துக்கு வருகிறேன். போன முறை உங்களுக்கு எந்த மரப்பு மருந்தும் கொடுத்ததாகத் தெரியவில்லை. மாற்றிக்கொள்வதாக இருந்தால், போடுவதற்கு முன்பே, நாள் வாங்கும்போதே கேளுங்கள்: "கருப்பை வாய்க்கு லிடோகேயின் கொடுப்பீர்களா?" ஊசியாகக் கருப்பை வாயைச் சுற்றிப் போடலாம், தெளிப்பாகவோ களிம்பாகவோ தடவலாம். ஊசியே கொஞ்சம் குத்தும், ஆனால் அதற்குப் பிறகு வருகிற பெரிய வலியைக் குறைக்கும். லிடோகேயின் உதவலாம் என்றும், வலியைப் பற்றிப் பெண்ணிடம் முன்கூட்டியே பேச வேண்டும் என்றும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது, ஆகவே இதைக் கேட்பது அளவுக்கு மீறிய சலுகை கேட்பது இல்லை. ஒரு மணி நேரம் முன்பு ஐபுபுரூஃபென் போட்டுக்கொண்டு போனால் போடும் வலிக்குப் பெரிதாக உதவாது, பிறகு வருகிற இழுப்பு வலிக்கு உதவும். கருப்பை வாயைத் தளர்த்த மிசோப்ரோஸ்டால் மாத்திரையை எல்லோருக்கும் கொடுப்பதில் பயனில்லை, கூடுதல் வயிற்றுவலிதான் மிச்சம். முதல் முறை போட முடியாமல் போனவர்களுக்கு மட்டும் யோசிக்கலாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். போன முறை கண் இருட்டியதை முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்ததும் பத்து நிமிடம் படுக்க வைப்பார்கள். "நிறுத்துங்கள் என்று சொன்னால் நிறுத்துவீர்களா?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு டாக்டர் முகம் சுளித்தால் அந்த மேஜையில் ஏற வேண்டாம். அவ்வளவும் செய்தும் பயம் தாங்கவில்லை என்றால் மயக்கம் கொடுத்துப் போடுகிற இடங்களும் உண்டு. பழையதை எடுத்த கையோடு புதியதைப் போட்டுவிடலாம், இரண்டு முறை போக வேண்டியதில்லை. பீரியட்ஸின் முதல் ஏழு நாளுக்குள் போடவில்லை என்றால் ஹார்மோன் லூப் பிடிக்க 7 நாள் ஆகும், அதுவரை ஆணுறை.

கடைசிக் கேள்வி, எடுக்கும்போதும் அதே மாதிரி வலிக்குமா? பெரும்பாலும் இல்லை. கிடுக்கி பிடிக்க வேண்டியதில்லை, ஆழம் அளக்க வேண்டியதில்லை. ஸ்பெகுலம் வைத்து, நூலைப் பிடித்து, "ஒரு தடவை இருமுங்கள்" என்பார்கள், நீங்கள் இருமும்போதே மெதுவாக இழுப்பார்கள், டியின் இரண்டு கைகளும் மேல்நோக்கி மடங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். சில நொடி வேலை, ஒரு இழுப்பு வலி. நூல் உள்ளே சுருண்டு போயிருந்தால் மட்டும் மெல்லிய கொக்கி விட்டுத் தேட வேண்டியிருக்கும், அது வலிக்கும், அதற்கும் மரப்பு மருந்து கேளுங்கள். இன்னொன்று, விந்தணு சில நாள் உள்ளே உயிரோடு இருக்கும் என்பதால், எடுப்பதற்கு முந்தைய 7 நாள் உறவு வேண்டாம், இல்லையென்றால் ஆணுறை. எடுத்ததும் அதை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். தண்டும் இரண்டு கைகளும் முழுசாக இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். போடும்போது பளபளவென்று இருந்த செம்பு கறுத்துப்போய் வந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருந்த செம்பு அப்படித்தான் இருக்கும்.